வால் நட்சத்திரத்தின் வாலை அறுத்த காற்று

வால் நட்சத்திரம் தோன்றினால் நாட்டுக்குக் கேடு என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதன் வால் அறுந்தால் கேட்கவே வேண்டாம்! ஆனால் அந்த வால் சொல்லும் சேதியே வேறு.

வால் நட்சத்திரம் உண்மையில் நட்சத்திரமன்று. பெரும்பாலும் சில கிலோமீட்டர் அகலமே உள்ள, பனியும் தூசியும் கலந்த கட்டி அது. சூரியனை நெருங்கும்போது பனி ஆவியாகிறது, தூசியும் கிளம்புகிறது. தூசி வால் வெளிர்மஞ்சளாய் வளைந்திருக்கும். இன்னொரு வால் நீலமாய் நேராக நீண்டிருக்கும். வெயில் பட்டு மின்னூட்டம் பெற்ற வாயுவே அந்த நீல வால். அதனை அயனி வால் என்பர்.

இதில் ஒரு விந்தை உண்டு. நீல வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்புறமே நீளும். சூரியனைச் சுற்றிவிட்டுத் திரும்புகையில் வால் முன்னே போகும், தலை பின்னே வரும்!

அடுப்புப் புகை சாயும் பக்கத்தைப் பார்த்துக் காற்றின் திசையை அறிகிறோம் அல்லவா? அப்படித்தான் லூட்விக் பியர்மன் என்னும் ஜெர்மன் விஞ்ஞானி, சூரியனிலிருந்து துகள்கள் ஓயாமல் வீசுகின்றன என்று 1951இல் கூறினார். 1958இல் யூஜின் பார்க்கர் என்னும் அமெரிக்கர் அதற்குச் சூரியக் காற்று எனப் பெயரிட்டார். 1962இல் மாரினர் 2 விண்கலம் அதனை நேரிலேயே அளந்தது.

அதன் வேகம் நொடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூர் செல்ல ஒரு நொடி போதும்! ஆயினும் அது மிக மிக மெல்லியது. ஓர் இலையைக்கூட அசைக்காது. ஆனால் அது காந்தப் புலத்தைச் சுமந்து வருவதால், மின்னூட்டம் பெற்ற வாயுவை இழுத்துச் செல்கிறது.

சில வேளைகளில் சூரியன் குமுறி, கோடிக்கணக்கான டன் வாயுவை வீசி எறியும். 2007 ஏப்ரல் 20இல் அத்தகைய வீச்சு என்கே வால் நட்சத்திரத்தின் மீது மோதியது. வால் முழுவதும் அறுந்து மிதந்து சென்றதை ஸ்டீரியோ விண்கலம் படம் பிடித்தது. பிறகு நடந்தது என்ன? புதிய வால் வளர்ந்தது. என்கே தன் வழியே சென்றது. எந்த அரசனுக்கும் அதில் பங்கில்லை.

இதே காற்று பூமியை நோக்கியும் வீசுகிறது. பூமியின் காந்தப் புலம் கேடயமாக நின்று அதன் பெரும்பகுதியைத் திருப்பி விடுகிறது. ஆனாலும் 1989 மார்ச்சில் வந்த ஒரு பெரிய வீச்சு, கனடாவின் கியூபெக் மாநிலத்தில் பல மணி நேரம் மின்சாரத்தை நிறுத்திவிட்டது.

எனவே, விடியுமுன் பெரட்டுக்குப் புறப்படும்போது கிழக்கே ஒரு வால் நட்சத்திரம் தெரிந்தால், பிள்ளைகளை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். வெளியே கூட்டி வந்து காட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத காற்றைக் கண்ணுக்குக் காட்டும் கொடி அது என்று சொல்லுங்கள்.