ஹூவரை ஏன் வெறுத்தார்கள்?

(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற கூட்டத்தில் லயத்துத் தண்ணீர்க் குழாயைப் பற்றி மனு எழுத உட்கார்ந்தோம். யாரோ ஒருவர் ஒரு தலைவரின் பெயரை எடுத்தார். அவ்வளவுதான்! முக்கால் மணி நேரம் அந்த மனிதரின் நடை, உடை, மூக்கு, சம்பந்தி வீடு வரைக்கும் போய் வந்தோம். சிரித்தோம், கை தட்டினோம், மனு எழுதாமலே கலைந்தோம். மறுநாள் விடியுமுன் நம் பெண்கள் அதே பழைய இடத்துக்குத்தான் வாளி தூக்கிப் போனார்கள். ஆகவே இன்று, மக்களால் வெகுவாக வெறுக்கப்பட்ட ஒரு தலைவரைப் பற்றிப் பேச எண்ணுகிறோம். அவர் 1929 முதல் 1933 வரை அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஹெர்பர்ட் ஹூவர்.

அவருக்கும் பால் மரத்துக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. 1922-இல் பிரிட்டிஷ் சர்க்கார் மலாயாவிலும் இலங்கையிலும் ரப்பர் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் ஸ்டீவன்சன் திட்டத்தைக் கொண்டு வந்தது. 1925-இல் நியூயார்க்கில் ராத்தல் விலை ஒரு டாலரைத் தாண்டியது. அப்போது அங்கே வர்த்தக மந்திரி ஹூவர். ரப்பரைச் சிக்கனமாகச் செலவிடுங்கள் என்று நாடெங்கும் பிரசாரம் நடத்தினார். இங்குள்ள தோட்ட முதலாளிகளுக்கு அவர் பெயர் வேம்பாய்க் கசந்தது. 1928-இல் திட்டம் கைவிடப்பட்டது. பிறகு உலகப் பொருளாதார மந்தம் வந்தது. 1932-இல் ராத்தல் 3 சென்டுக்கும் கீழே போயிற்று. ஆண் தொழிலாளிக்கு 50 காசாக இருந்த நாட்கூலி 1930-இல் 40 காசாகி, பின்னும் இறங்கியது. இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பப்பட்டனர். ஆனால் நம்மவர் யாரும் ஹூவரைத் திட்டியதாக நாம் கேட்டதில்லை. கங்காணியையும் துரையையும் திட்டவே பொழுது சரியாக இருந்திருக்கும்!

அமெரிக்காவில் திட்டினார்கள். எப்படித் திட்டினார்கள் தெரியுமா? வேலையும் வீடும் போனவர்கள் தகரத்தாலும் அட்டைப் பெட்டியாலும் ஊருக்கு வெளியே குடிசை போட்டார்கள். அதற்கு ‘ஹூவர் பட்டி’ என்று பெயர். குளிருக்குப் போர்த்திய பழைய பத்திரிகைக் காகிதம் ‘ஹூவர் கம்பளி’. காலியான சட்டைப் பையை வெளியே இழுத்து விட்டால் அது ‘ஹூவர் கொடி’. பெட்ரோலுக்குக் காசில்லாமல் கோவேறு கழுதை பூட்டி இழுத்த கார் ‘ஹூவர் வண்டி’. எதிர்க்கட்சி 1929-லேயே ஒரு பத்திரிகைக்காரரைச் சம்பளத்துக்கு அமர்த்தி, அவர் பெயரைக் கெடுப்பதையே வேலையாகச் செய்ய வைத்தது. ஆனாலும் பட்டினி கிடந்தவன் சொன்னதெல்லாம் எழுதிக் கொடுத்ததைத்தான் என்று நாம் நினைக்க மாட்டோம்.

வேடிக்கை என்னவென்றால், அதே பெயர் ஒரு காலத்தில் சோறு போட்ட பெயர். ஒன்பது வயதில் தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளை. சுரங்க இன்ஜினீயராகிப் பணம் சேர்த்தவர். முதல் உலக யுத்தத்தில் பெல்ஜிய மக்களுக்கும், 1921-இல் பஞ்சம் வந்தபோது ரஷ்ய மக்களுக்கும் உணவு அனுப்பிக் காப்பாற்றியவர். 1917-இல் வீட்டில் உணவைச் சிக்கனம் செய்வதற்கே அவர் பெயரை வினைச்சொல்லாக்கி வழங்கினார்கள். 1928 தேர்தலில் 48 மாநிலங்களில் 40 மாநிலங்கள் அவருக்கு. நான்கே ஆண்டில் அது 6 ஆயிற்று.

மந்தத்தை அவரா கொண்டு வந்தார்? அப்படிச் சொல்வது நியாயமல்ல. பதவியேற்று எட்டாம் மாதம் பங்குச் சந்தை விழுந்தது. 1929 நவம்பரில் பெரிய முதலாளிகளை அழைத்து, கூலியைக் குறைக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டவர் அவர். சிறிது காலம் கேட்டார்கள். 1931-இல் பெரிய எஃகுக் கம்பெனி நூற்றுக்குப் பத்து குறைத்தது, மற்றவர்களும் தொடர்ந்தார்கள். (முதலாளியின் வாக்குறுதிக்கு எவ்வளவு ஆயுள் என்று நமக்கா தெரியாது?) 1932 மார்ச்சில் நாரிஸ்–லகார்டியா சட்டத்தில் கையெழுத்திட்டவரும் அவரே. சங்கத்தில் சேரமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு வேலை கொடுக்கும் வழக்கத்துக்கு அந்தச் சட்டத்தில் மதிப்பில்லாமல் போயிற்று. ‘ஹூவர் கம்பளி’ என்று சிரித்தவர்களில் எத்தனை பேர் இதை அறிந்திருப்பார்கள்?

அவர் மீதுள்ள உண்மையான குற்றம் வேறு. மத்திய சர்க்கார் தனி மனிதனுக்கு நேராக உதவி கொடுத்தால் அவன் சோம்பேறியாகிவிடுவான் என்பது அவர் பிடித்த பிடி. 1930-இல் பெரும் வறட்சி வந்தது. கால்நடைத் தீவனத்துக்கும் விதைக்கும் கடன் கொடுக்க ஒப்பினார். மனிதர் சாப்பாட்டுக்கு என்றபோது, அது செஞ்சிலுவைச் சங்கத்தின் வேலை என்றார். மாட்டுக்கு உண்டு, மாட்டுக்காரனுக்கு இல்லை! 1932 ஜூலையில்தான் மாநிலங்களுக்கு நிவாரணக் கடனாக 30 கோடி டாலருக்கு இணங்கினார். அதற்குள் மக்கள் மனம் விட்டுப் போயிருந்தது.

அந்த ஜூலை மாதக் கடைசியில்தான் எல்லாவற்றுக்கும் சிகரமான காரியம் நடந்தது. முதல் யுத்தத்தில் போரிட்ட சிப்பாய்களுக்கு 1945-இல் தருவதாக ஒரு போனஸ் சட்டமாகியிருந்தது. பசிக்கிறது, இப்போதே கொடுங்கள் என்று பல்லாயிரம் பேர், பலர் குழந்தை குட்டிகளோடு, தலைநகரில் வந்து குடிசை போட்டார்கள். செனட் சபை மறுத்தது. ஜூலை 28-இல் போலீஸ் சுட்டு இருவர் மாண்டனர். பிறகு ஜெனரல் மக்ஆர்தர் குதிரைப் படை, டாங்கி, கண்ணீர்ப் புகையோடு அவர்களை விரட்டினார், குடிசைகள் எரிந்தன. ஆற்றைக் கடக்க வேண்டாம் என்று ஹூவர் சொல்லியனுப்பியும் தளபதி கேட்கவில்லை என்று பின்னால் தெரிய வந்தது. ஆனால் ஹூவர் அன்று ஊரறியக் கண்டிக்கவில்லை. பழி முழுவதும் அவர் தலையில் ஏறியது. நவம்பரில் ரூஸ்வெல்ட்டிடம் தோற்றார்.

இனி வருவதைக் கவனிக்க வேண்டும். 1933 மே மாதம் சிப்பாய்கள் மறுபடி வந்தார்கள். ரூஸ்வெல்ட்டும் போனஸ் தர மறுத்தார்! ஆனால் தங்க இடம் கொடுத்தார், உணவு கொடுத்தார். அவர் மனைவி சேற்றில் நடந்து போய்ச் சிப்பாய்களோடு பேசினார், சேர்ந்து பாடினார். காடு வளர்க்கும் வேலையில் பலரைச் சேர்த்துக்கொண்டார்கள். மக்கள் ரூஸ்வெல்ட்டை வெறுக்கவில்லை. சிப்பாய்களோ அந்த அன்பில் மயங்கித் தம் கோரிக்கையை விட்டுவிடவில்லை. ஆண்டுதோறும் கேட்டார்கள். 1936-இல் காங்கிரஸ் சபை ரூஸ்வெல்ட்டின் தடையையும் மீறிச் சட்டம் செய்தது. பணம் வந்தது. வெறுத்த தலைவர் போனதாலும் அது வரவில்லை, விரும்பிய தலைவர் வந்ததாலும் வரவில்லை.

ஹூவர் பிறகு வெகுகாலம் வாழ்ந்து 1964-இல் தமது 90-ஆம் வயதில் காலமானார். 1946-இல் ஜனாதிபதி ட்ரூமன் உலக உணவுப் பஞ்சத்தை ஆராய அவரை அனுப்பினார், இந்தியாவுக்கும் வந்தார். அவர் பெயர் வைத்த பேரணைக்கு 1933-இல் வேறு பெயரிட்டிருந்தார்கள். 1947-இல் பழைய பெயரையே மீட்டுக் கொடுத்தார்கள்.

தோழர்களே, நமது தலைவர்களில் எவரையும் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்ல நமக்கு உரிமையுண்டு. அதை மூடி வைக்கச் சொல்லவில்லை. என்ன கேட்டோம், எந்தத் தேதியில் கேட்டோம், என்ன பதில் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வோம். கிராணி நண்பர் தாளும் பேனாவும் எடுத்து வைத்திருக்கிறார். எத்தனை வீட்டுக்குக் குழாய் இல்லை, எத்தனை மாதமாக இல்லை என்பதை மூன்றாம் லயத்துத் தாய்மார்கள் முதலில் எழுந்து சொல்லட்டும்.