கிரேஸ் மார்க்ஸின் தையல்

விக்டோரியா காலத்துப் பெண்களை வைத்து இன்று எழுதப்படும் வரலாற்று நாவல்கள் பலவற்றில் கதாநாயகி நம் காலத்து எண்ணங்களையே பேசுகிறாள். மார்கரெட் அட்வுட் 1996-இல் வெளியிட்ட ‘ஏலியஸ் கிரேஸ்’ அந்தச் சுலப வழியில் போகவில்லை. ஆவணங்கள் பொருட்படுத்தாத அன்றாட உழைப்பை எழுதுவதில்தான் வரலாற்று நாவலின் நேர்மை இருக்கிறது என்பதற்கு இதையே சான்றாகச் சொல்வேன்.

கிரேஸ் மார்க்ஸ் அயர்லாந்திலிருந்து கனடாவுக்குப் போன வீட்டு வேலைக்காரப் பெண். 1843 ஜூலையில், டொராண்டோவுக்கு வடக்கே, அவளுடைய முதலாளி தாமஸ் கின்னியரும் வீட்டைக் கவனித்துவந்த நான்சி மான்ட்கோமரியும் கொல்லப்பட்டார்கள். உடன் வேலைபார்த்த ஜேம்ஸ் மெக்டெர்மாட் அதற்காகத் தூக்கிலிடப்பட்டான். கிரேஸின் மரண தண்டனை ஆயுள் சிறையாகக் குறைந்தது. அவள் தந்த வாக்குமூலங்களோ ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. நடந்தது தெரியாத இடத்தில் கற்பனையைப் புகுத்துவது பொய்யாகாதா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த வழக்கைப் பற்றிய ஆவணங்களை எழுதியவர்கள் யார்? நீதிமன்றத்தார், பத்திரிகைக்காரர்கள், சிறையில் அவளைப் பார்த்துவிட்டு வந்த எழுத்தாளர் சூசன்னா மூடி. மூடி 1853-இல் வெளியிட்ட விவரத்தில் பிழைகள் இருந்தன. அதை நம்பி 1974-இல் தொலைக்காட்சி நாடகம் எழுதிய அட்வுட், பின்னர் பழைய பதிவுகளைப் படித்துவிட்டு நாவலில் ஒரு விதி வகுத்துக்கொண்டார்: உறுதியான தகவலை மாற்றக் கூடாது, இடைவெளியில் மட்டுமே கற்பனை.

அந்த இடைவெளியில் அவர் எதை வைக்கிறார் என்று பாருங்கள். அழுக்குத் துணி துவைத்தல், தரை தேய்த்தல், எஜமானர்களின் இரவுப் பாத்திரங்களைக் கொட்டிக் கழுவுதல், ஓயாத தையல்! நாவலின் பகுதிகளுக்கே துண்டுத்துணிப் போர்வை வடிவங்களின் பெயர்கள்தாம். சைமன் ஜோர்டன் என்ற கற்பனை மருத்துவர் கேள்விமேல் கேள்வி கேட்கிறார். கிரேஸ் தைத்தபடியே பதில் சொல்கிறாள். அவள் கொலையாளியா இல்லையா என்று சொல்லாமல் நழுவுகிறதே நாவல் என்பது சிலர் சொல்லக்கூடிய இன்னொரு குறை. ஆனால் தீர்ப்பு சொல்ல அவளைச் சுற்றி ஆட்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. அவள் நாள் எப்படிக் கழிந்தது என்று கேட்கத்தான் ஆளில்லை. 1872-இல் மன்னிப்புக் கிடைத்து அவள் நியூயார்க் மாநிலத்துக்குப் போனதோடு பதிவுகளும் நின்றுவிட்டன. நாவலைக் கையிலெடுப்பவர்கள் கொலை நடக்கும் பக்கத்துக்குத் தாவிவிடாமல், சலவை வரும் பக்கங்களை நிதானமாகப் படிப்பீர்கள் என்று நம்புகிறேன்.