அடிக்கடி வருத்தம் வரும் பிள்ளையும் நாம் நிறுத்தும் சாப்பாடும்

(நானாட்டானில் நடந்த தாய்மார் கூட்டமொன்றில் எமது தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஒருவர் பேசியது. தோட்டத்துத் தாய்மாருக்கும் பொருந்தும் என்பதால் இங்கே தருகிறோம்.)



நான் மலைநாட்டுத் தோட்டமொன்றில் நலன்புரி உத்தியோகத்தராக வேலை செய்பவன். படித்தது ஓ.எல். வரைதான், டாக்டர் அல்ல. நானாட்டான் நான் பெண் எடுத்த ஊர். லீவுக்கு வந்த இடத்தில், "அங்கே தாய்மாருக்குச் சொல்லுகிறதை இங்கேயும் சொல்லுங்கோ" என்று கேட்டார்கள். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையிலிருந்து வன்னிக்கும் மன்னாருக்கும் வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் இங்கே இருக்கிறீர்கள். லயம் என்றால் என்ன, பிள்ளைக் காம்பரா என்றால் என்ன என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

என் இளைய மகளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். அவளுக்கு ஒன்றரை வயது ஆனதிலிருந்து மாதம் தவறாமல் வருத்தம். தடிமன், இருமல், மூன்று நாள் காய்ச்சல். பத்து நாள் நன்றாக இருப்பாள், திரும்பவும் மூக்கு வடியும். இடையில் வயிற்றோட்டம், சில இரவுகளில் இழுப்பு. பிள்ளைக்கு வருத்தம் என்றால் தாய் மலைக்குப் போக முடியாது. போகாவிட்டால் பேர் விழாது. மாதத்தில் நாலைந்து பேர் இல்லாமல் போனால் சம்பளத்தில் என்ன மிஞ்சும்?

அப்போதுதான் ஆளுக்கொரு யோசனை வந்தது. பக்கத்துக் காம்பரா அக்கா, வாழைப்பழம் சளி என்றார். நிறுத்தினோம். என் அம்மா, முட்டை சூடு என்றார். நிறுத்தினோம். இங்கிருந்து மாமி போன் எடுத்து, மீன் கிரந்தி, குடுக்காதேங்கோ என்றார். அதையும் நிறுத்தினோம். பிறகு தயிர், பிறகு பால், பிறகு கீரை. ஒவ்வொரு காய்ச்சலுக்கும் ஒரு சாப்பாடு போனது. ஒன்றையாவது திரும்பச் சேர்த்தோமா? இல்லை. எட்டு மாதத்தில் பிள்ளைக்கு மிஞ்சியது ரசச் சோறு, பிஸ்கற், தேத்தண்ணி. வருத்தமோ போன மாதிரியே வந்துகொண்டிருந்தது.

கிளினிக்கில் நிறுத்துப் பார்த்து அட்டையில் புள்ளி போட்டார்கள். பச்சையில் இருந்த பிள்ளை செம்மஞ்சளுக்கு இறங்கியிருந்தது. எட்டு மாதக் கோடு உங்கள் கட்டுக்கரைக் குளத்துக் கட்டு மாதிரி மட்டமாகக் கிடந்தது. "பிள்ளை என்ன சாப்பிடுது?" என்று மிட்வைப் அக்கா கேட்டார். நான் சாப்பிடாததையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். "நான் அதைக் கேக்கல்லையே" என்றார். மாதாமாதம் மற்றத் தாய்மாருக்குப் போஷாக்குப் பற்றிப் பேசுகிற ஆள் நான். அன்றைக்குத் தலை நிமிர முடியவில்லை.

பிறகுதான் சில விஷயங்கள் விளங்கின. நல்ல சுகமான சின்னப் பிள்ளைக்கே வருஷத்துக்கு ஆறு, எட்டுத் தடவை தடிமன் வரும். பிள்ளைக் காம்பராவில் பத்துப் பேரோடு இருக்கிற பிள்ளைக்கு இன்னும் கூட வரும். ஒரு தடிமன் ஏழு, பத்து நாளில் தானாகவே போகும். நாங்கள் ஐந்தாம் நாள் வாழைப்பழத்தை நிறுத்துவோம், எட்டாம் நாள் தடிமன் போகும், பேர் வாழைப்பழத்துக்கு. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் சாப்பாடு குறைந்தால் உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறையும், அடுத்த வருத்தம் லேசாகப் பிடிக்கும், அதுக்காக இன்னொன்றை நிறுத்துவோம். இந்தச் சுழலில்தான் எங்கள் பிள்ளைகள் மெலிகின்றன. 2016 இல் நாடு முழுக்க எடுத்த குடிசன சுகாதார மதிப்பீட்டில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாட்டில் 100 க்கு 17 பேர், தோட்டத்தில் மட்டும் 100 க்கு 32 பேர். எல்லாம் சாப்பாட்டை நிறுத்தியதால் வந்தது என்று சொல்லவில்லை. வறுமை பெரிய காரணம். ஆனால் கையில் இருக்கிற முட்டையையும் கொடுக்காமல் விடுவது நாங்கள் செய்கிற வேலை.

திரும்பச் சேர்த்த விதம் இதுதான். நாற்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கினோம். ஒரு நேரத்தில் ஒரு சாப்பாடு மட்டும், முதலில் கொஞ்சம், பிறகு மூன்று நாலு நாள் தொடர்ந்து. என்ன கொடுத்தோம், என்ன நடந்தது என்று மனைவி எழுதினாள். முட்டைக்கு ஒன்றும் நடக்கவில்லை. வாழைப்பழத்துக்கும் கீரைக்கும் அப்படியே. மீன், நாங்கள் இங்கே வந்திருந்தபோது வங்காலை மீனை மஞ்சள் போட்டு அவித்து முள்ளெடுத்துக் கொடுத்தோம், நன்றாகச் சாப்பிட்டாள். பால் மட்டும் ஒரு வயிற்றோட்டத்துக்குப் பிறகு சேரவில்லை. டாக்டர் சொல்லி இரண்டு கிழமை விட்டுக் கொடுத்தபோது சேர்ந்தது.

இறாலுக்குத்தான் அரை மணித்தியாலத்துக்குள் உதடு வீங்கி உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பியது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். அது உண்மையான ஒவ்வாமை. இன்றைக்கு வரை இறால் இல்லை. வித்தியாசத்தைப் பாருங்கள். சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்துக்குள் வீக்கம், தடிப்பு, வாந்தி, மூச்சு முட்டு வந்தால் அது ஒரு கதை. அப்படி ஒரு முறை வந்த சாப்பாட்டை வீட்டில் திரும்பச் சோதித்துப் பார்க்கவே வேண்டாம், டாக்டரிடம் கேளுங்கள். மூன்று நாளுக்குப் பிறகு மூக்கு வடிந்தால் அது வேறு கதை.

இழுப்புக்கு வேறு காரணம் இருந்தது என்றுதான் நினைக்கிறேன். எங்கள் காம்பராவில் அடுப்புப் புகை வெளியே போகாது, மழைக்காலத்தில் ஈரத்துணியும் உள்ளேதான் காயும். புகைக்கூட்டைத் திருத்தி, பிள்ளையை அடுப்புப் பக்கத்தில் படுக்க வைக்காமல் விட்டோம். இழுப்புக் குறைந்தது. அதனால்தான் என்று சத்தியம் பண்ண மாட்டேன், வயதும் கூடியதுதானே.

தேத்தண்ணியைப் பற்றிச் சொன்னால் தோட்டத்தில் எனக்கு ஏச்சு விழும். என்றாலும் சொல்லுகிறேன். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் சாப்பாட்டில் இருக்கிற இரும்புச் சத்து உடம்பில் சரியாகச் சேராது. சின்னப் பிள்ளைக்கு அது வேண்டவே வேண்டாம். ரசச் சோறும் அப்படித்தான் ஏமாற்றும். சின்ன வயிறு தண்ணியால் நிரம்பிவிடும். சோற்றைக் கட்டியாகக் கடைந்து, பருப்பு, கொஞ்சம் முருங்கையிலை, ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் விடுங்கள். உங்களுக்கு வேலியெல்லாம் முருங்கை, வயலில் நெல்லு, கிட்டவே கடல். மலையில் எங்களுக்கு நல்ல மீன் கிடைப்பதே கஷ்டம். இதை வைத்துக்கொண்டு பிள்ளைக்குப் பிஸ்கற் கொடுப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

வயிற்றோட்டம் என்றால் சாப்பாட்டையும் தாய்ப்பாலையும் நிறுத்தாதீர்கள். ஜீவனி ஒரு பக்கற் முழுதையும் ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணியில் கரையுங்கள், பாதி பாதியாக வேண்டாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உவர் போகாது. ஆகவே குடிக்கிற நல்ல தண்ணியையே எடுங்கள். வருத்தம் மாறிய பிறகு இரண்டு கிழமைக்கு நாளுக்கு ஒரு வேளை கூடுதலாகக் கொடுங்கள். பூச்சி மருந்தும் விற்றமின் ஏயும் கிளினிக்கில் தருகிற தவணைக்குத் தவறாமல் வாங்குங்கள். பிள்ளை குடிக்க மாட்டாமல் கிடந்தால், நெஞ்சு உள்வாங்கி மூச்சு எடுத்தால், வலிப்பு வந்தால், மலத்தில் இரத்தம் கண்டால் கொப்பியும் வேண்டாம், யோசனையும் வேண்டாம், ஆஸ்பத்திரிதான்.

திரிபோஷா பக்கற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது மெலிந்த பிள்ளைக்குத் தருகிறது. வீட்டில் எல்லாரும் உருண்டை பிடித்துச் சாப்பிட்டால் நாலு நாளில் முடியும், பிள்ளைக்கு ஒன்றும் சேராது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது.

இப்போது அந்தத் தங்கச்சி, பிள்ளைக்குச் சிரங்கு இருக்கு, மீன் குடுக்கலாமோ என்று கேட்கிறார். தங்கச்சி, சிரங்கு ஒருவரிலிருந்து மற்றவருக்குத் தொற்றுகிறது. மீனை நிறுத்தினால் அது போகாது. பூசுகிற மருந்து வேண்டும், வீட்டில் எல்லாருக்கும் சேர்த்துப் பூச வேண்டும், பாய், துணி துவைத்துக் காயப்போட வேண்டும். மீனைக் கொடுங்கோ. எத்தனை மாதமாக நிறுத்தியிருக்கிறீர்கள்? ஐந்து மாதமோ? நாளைக்குக் காலையில் பிள்ளையின் அட்டையை எடுத்துக்கொண்டு வாங்கோ. இங்கத்தைய மிட்வைப் அக்காவிடம் நானும் கூட வருகிறேன், திங்கட்கிழமை வரை ஊரில்தான் நிற்பேன்.