பேரப்பிள்ளைக்குத் தைக்கும் போர்வை: முடிச்சில் கவனம் தேவை



பழைய சேலைத் துண்டுகளை ஒட்டுப்போட்டு, நடுவே பஞ்சு வைத்துப் போர்வை தைக்கத் தெரிந்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். பேரப்பிள்ளைக்கென்று கண் வலிக்கத் தைத்துக் கொடுத்ததை மருமகள் மடித்து அலமாரியில் வைத்துவிட்டால் மனம் வருந்தத்தான் செய்யும். ஆனால், அவர் உங்கள் அன்பை ஒதுக்கவில்லை. பிள்ளையின் பாதுகாப்பை நினைத்துத்தான் அப்படிச் செய்கிறார்.

ஒரு வயது நிறையும்வரை, குழந்தை தூங்கும் இடத்தில் போர்வை, தலையணை, போல்ஸ்டர் எதுவும் இருக்கக்கூடாது. போர்வை முகத்தை மூடினால், அதை விலக்கிவிடும் வலு கைக்குழந்தைக்கு இல்லை. சத்தமே இல்லாமல் மூச்சு அடைத்துவிடலாம். குழந்தையை எப்போதும் மல்லாக்கப் படுக்க வையுங்கள். மெத்தை சமமாகவும், அமுங்காமல் உறுதியாகவும் இருக்கட்டும்.

“ஏர்கான் அறையில் பிள்ளைக்குக் குளிருமே?” என்று கேட்பீர்கள். கூடுதலாக ஒரு சட்டை போட்டுவிடுங்கள். கை கால் சற்றுச் சில்லென்று இருப்பது இயல்பு. நெஞ்சையோ பிடரியையோ தொட்டுப் பாருங்கள். அங்கே கதகதப்பாக இருந்தால் போதும்.

அப்படியானால் போர்வையே தைக்கக்கூடாதா? தாராளமாகத் தையுங்கள். ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு, மெல்லியதாக, எடை குறைவாகத் தையுங்கள்.

மூன்று அடுக்கும் நகராமல் இருக்க, ஆங்காங்கே நூல் கோத்து முடிச்சுப் போடுவோம். கவனம் தேவைப்படுவது அங்கேதான். சின்னப் பிள்ளைகள் எதையும் வாயில் வைத்து இழுப்பார்கள். அவிழ்ந்த நூல் தொண்டைக்குள் போகலாம். நீண்ட நூல் கால்விரலில் சுற்றிக்கொண்டால் இரத்த ஓட்டம் தடைபட்டு விரல் வீங்கிவிடும். காரணம் தெரியாமல் பிள்ளை அழுதுகொண்டே இருந்தால், கை கால் விரல்களையும் ஒருமுறை பாருங்கள்.

தைக்கும்போது இவற்றை நினைவில் வையுங்கள்:

• வழவழப்பான நூலில் முடிச்சு நழுவும். தடித்த பருத்தி நூல் நல்லது.

• முதலில் வலது நுனியை இடது நுனியின் மேல் போட்டு முடியுங்கள். அடுத்து, இடது நுனியை வலது நுனியின் மேல் போட்டு முடியுங்கள். இரண்டு முறையும் ஒரே மாதிரி போட்டால் முடிச்சு நிற்காது.

• குஞ்சம்போல் நுனிகளைத் தொங்க விடாதீர்கள். ஊசியில் கோத்துப் பஞ்சுக்குள் செலுத்தி மறைத்துவிடுங்கள்.

• தையல் இயந்திரம் இருந்தால் இன்னும் நல்லது. முடிச்சுக்குப் பதிலாக, அதே இடத்தில் முன்னும் பின்னுமாகச் சில தையல் போடுங்கள். தொங்கும் நூலை ஒட்ட நறுக்கிவிடுங்கள்.

• 3 வயதுக்குட்பட்ட பிள்ளையின் போர்வையில் பொத்தான், மணி, ரிப்பன் வேண்டாம்.

• குண்டூசிகளை எண்ணி எடுங்கள். வேலை முடிந்ததும் மறுபடியும் எண்ணுங்கள்.

• ஒவ்வொரு முறை துவைத்த பிறகும் எல்லா முடிச்சுகளையும் இழுத்துப் பாருங்கள். தளர்ந்ததைச் சரிசெய்யும்வரை போர்வையைப் பிள்ளையிடம் கொடுக்காதீர்கள்.

பிள்ளைக்கு மூச்சுத் திணறினால் தாமதிக்காமல் 995ஐ அழையுங்கள்.

போர்வையை இப்போதே தைத்து வையுங்கள். முதல் பிறந்தநாள் முடிந்ததும் உங்கள் கையாலேயே பிள்ளைக்குப் போர்த்திவிடுங்கள். அதுவரை அது அலமாரியில் இருப்பதில் தவறில்லை.