ஏடு பெயர்த்தெழுதும் காலம்

(கிழக்கேகோட்டையில் நிகழ்ந்த சங்க ஆண்டு விழாச் சொற்பொழிவு)

 

நூலக இணையத்தளத்தை இயக்கும் மென்பொருளை எப்போது புதுப்பிப்பது என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். நூற்பட்டியல், அறிவிப்பு, கட்டுரை ஆகியவற்றைக் கணினி நிரல் அறியாதவரும் தளத்தில் ஏற்றவும் திருத்தவும் துணைசெய்வது இம்மென்பொருள். உள்ளடக்க மேலாண்மை மென்பொருள் என்பது இதன் பெயர். இது கணினிப் பொறியாளர்க்கே உரிய செய்தி என்று நாம் ஒதுங்கிவிடலாகாது.

இங்கிருந்து சிறிது தொலைவில், கோட்டைப் பகுதியிலுள்ள ஆவணக் காப்பகக் கட்டடத்தில், 2022 டிசம்பரில் ஓலைச்சுவடி அருங்காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. ஓலைக்கு ஆயுள் உண்டு என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். எழுத்துத் தெளிவாய் இருக்கும்போதே புத்தோலையில் பெயர்த்தெழுதியவர்களால் நூல்கள் நமக்குக் கிடைத்தன. செல்லரித்தபின் எடுத்துப் பார்த்தவர்களுக்கு நார்தான் மிஞ்சிற்று. மென்பொருளும் ஓலை போன்றதே. அதற்கும் ஆயுள் உண்டு. அந்த ஆயுள் முடியும் நாளை அதனை ஆக்கியோர் பெரும்பாலும் முன்கூட்டியே அறிவித்துவிடுகின்றனர்.

இங்கே இருவேறு பணிகளைப் பிரித்தறிதல் வேண்டும். கூரையில் ஓட்டை அடைப்பது ஒன்று. வீடு மாறுவது மற்றொன்று. உலகில் பல நூலகங்கள் கையாண்டுவரும் டுரூபல் என்னும் மென்பொருளில் 2014 அக்டோபர் 15 அன்று ஒரு பெருங்குறை அறிவிக்கப்பட்டது. அதற்குரிய திருத்தமும் அன்றே வெளியாயிற்று. இரு வாரங்களுக்குப் பின் அதன் பாதுகாப்புக் குழுவினர் ஓர் எச்சரிக்கை விடுத்தனர். அறிவிப்பு வந்த 7 மணி நேரத்திற்குள் திருத்தம் செய்யாத தளம் ஒவ்வொன்றும் பகைவர் கைப்பட்டதாகவே கொள்ளல் வேண்டும் என்றனர். ஓட்டையடைக்கும் இத்தகைய பணிக்குச் செயற்குழுவின் தீர்மானத்தை எதிர்பார்த்திருத்தல் தகாது. பொறுப்பாளர் அன்றே செய்து முடித்துவிட்டு, பின்னர்க் குழுவுக்கு அறிவிக்கலாம்.

வீடு மாறுதல் அவ்வாறன்று. டுரூபலின் 7ஆம் பதிப்பு 2011 ஜனவரி 5 அன்று வெளிவந்தது. 8ஆம் பதிப்பு 2015 நவம்பரில் வந்தபோது அடித்தளமே மாறியிருந்தது. பழைய தளத்தைத் திருத்தினால் போதாது. புதிய மனையில் வீடு கட்டிப் பொருள்களைக் கொண்டுசேர்க்க வேண்டியிருந்தது. ஆகவே பலர் தயங்கினர். அவர்கள் பொருட்டு, 7ஆம் பதிப்பின் ஆதரவு முடியும் நாள் மும்முறை தள்ளிவைக்கப்பட்டு, இறுதியில் 2025 ஜனவரி 5 அன்று முடிவுற்றது. அதற்குப் பின் வந்த 8ஆம் பதிப்போ 2021 நவம்பரிலேயே ஓய்வு பெற்றுவிட்டது! அதனைத் தாங்கிநின்ற வேறொரு மென்பொருளின் ஆதரவு முடிந்தமையே காரணம். எனினும், 8ஆம் பதிப்பை முறையாகப் பேணியவர்க்கு 9ஆம் பதிப்புக்குச் செல்லுதல் எளிதாயிற்று.

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது? புதியது வந்துவிட்டது என்பதற்காக ஓடவும் வேண்டா. தவணை கிடைத்தது என்பதற்காக உறங்கவும் வேண்டா. திருவள்ளுவர் வலியறிதலுக்கு அடுத்தே காலமறிதலை வைத்தார். நம் வலிமையை அளந்த பின்னரே காலத்தைக் குறித்தல் இயலும். நம்மைப் போன்ற சங்கங்களுக்கு ஊதியம் பெறும் பொறியாளர் இல்லை. மாலை வேளையில் வந்து உழைக்கும் அன்பர்களே உண்டு. பெரிய நிறுவனம் ஒரு திங்களில் முடிக்கும் பணி நமக்கு ஓராண்டு ஆகலாம். ஆகவே ஆதரவு முடியும் நாளிலிருந்து அந்த ஓராண்டைப் பின்னோக்கி எண்ணுக. அங்கே வந்து நிற்கும் நாளே நாம் தொடங்க வேண்டிய நாள்.

தொடங்குமுன் மூன்று வினாக்களைக் கேட்டுக்கொள்வோம். நாம் நம்பியிருக்கும் துணைநிரல்கள் புதிய பதிப்புக்கு ஆயத்தமாகிவிட்டனவா? பழைய எழுத்துருக் குறியீட்டில் கிடக்கும் தமிழ்ப் பக்கங்கள் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டுவிட்டனவா? காப்புப்படி எடுத்திருக்கிறோம் என்கிறோமே, அதிலிருந்து தளத்தை ஒருமுறையேனும் மீட்டெழுப்பிப் பார்த்தோமா? மூன்றுக்கும் ஆம் என்று விடை வந்தபின், முதலில் தளத்தின் நகலொன்றில் ஒத்திகை பார்த்து, அது செவ்வனே நடந்தால் மட்டுமே மெய்யான தளத்தில் கைவைத்தல் நன்று.

காலம் தாழ்த்துவோர் கொடுக்கும் விலை பெரிது. 2023 அக்டோபரில் பிரித்தானிய நூலகம் இணையத் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. அதன் முதன்மை நூற்பட்டியல் 2024 ஜனவரியில்தான் இணையத்திற்குத் திரும்பிற்று. அதுவும் முழு வசதிகளோடு அன்று. பழைய அமைப்புகள் மிகுந்திருந்தமை மீட்புப் பணியை நீளச் செய்தது என்று அந்நூலகமே 2024 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டது. அத்துணைப் பெரிய நூலகத்திற்கே இந்நிலை என்றால், ஓர் அன்பரின் கணினியில் மட்டும் கடவுச்சொல் இருக்கும் சிறு நூலகத்தின் நிலையை எண்ணிப் பாருங்கள். தாய்மண்ணுக்கு அப்பால் வாழும் நம் பிள்ளைகள் தமிழ் நூலொன்றைத் தேடும்போது, அது நம்மிடம் உண்டு என்று காட்டுவது அந்தப் பட்டியலே. அது மறைந்தால், அலமாரியில் நூல் இருந்தும் அவர்க்கு இல்லாததே ஆகும்.

பேணுதற்கு ஆளில்லை எனின் ஆரவாரத்தைக் குறைத்துக்கொள்ளலாம், அதில் இழுக்கில்லை. நாள்தோறும் மாறாத எளிய பக்கங்கள் சிலவும், எந்த மென்பொருளும் திறக்கக்கூடிய அட்டவணைக் கோப்பாக நூற்பட்டியலும் இருந்தால் சிறு நூலகத்திற்குப் போதும். மென்பொருள்கள் வரும், போகும். பட்டியல் நம் கையில் இருத்தல் வேண்டும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் இவ்விழாவில் செயலாளர் வரவு செலவுக் கணக்கைப் படிக்கிறார் அன்றோ? அதனோடு மூன்று செய்திகளையும் சேர்த்துப் படிக்கட்டும்: தளம் எந்தப் பதிப்பில் ஓடுகிறது, அதன் ஆதரவு என்று முடிகிறது, காப்புப்படியை இறுதியாகச் சோதித்த நாள் எது. அவையோர் அனைவரும் அந்நாள்களை அறிந்திருந்தால், பெயர்த்தெழுதும் காலம் நம்மை அறியாமல் கடந்துபோகாது.