கண்ணாடி வெட்டிய கை

கண்ணாடி வெட்டிய காயத்துக்கு வாய் சிறியது, ஆழம் அதிகம். கைக் காயங்களுக்கு அறுவை சிகிச்சை செய்யும் நான் அதிகம் பயப்படுவது இந்தக் காயத்துக்குத்தான்.

சென்னைப் புறநகரில் ஜன்னல் கண்ணாடி வெட்டும் பட்டறையிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். உள்ளங்கையில் அரை அங்குலத் தழும்பு. "தையல் போட்டு ஆறிடுச்சு சார். ஆனா மோதிர விரல் மடங்க மாட்டேங்குது" என்றார். காயம் பட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது.

உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தைக் கொஞ்சம் பாருங்கள். விரல்களை மடக்கி நீட்டுங்கள். தோலுக்கடியில் கயிறுபோல அசைகிறதே, அவைதான் தசைநாண்கள். அங்கே ஒரு குறுகிய பாதைக்குள் விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் ஒரு முக்கிய நரம்பும் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. கட்டைவிரலுக்கு ஒன்று, மற்ற விரல்களுக்கு இரண்டிரண்டு. அந்த இரண்டில் ஒன்று நடுக்கணுவை மடக்கும், மற்றது நுனியை. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத ஏற்பாடு இது! தசைநாண் அறுந்தால், அதன் மேல்முனையைத் தசை உள்ளே இழுத்துக்கொள்ளும். நாளாக ஆக இணைப்பது கடினம். அந்த இளைஞருக்கு வேறிடத்திலிருந்து தசைநாண் எடுத்துப் பொருத்த வேண்டியதாயிற்று. நரம்பு அறுந்தாலோ, தைத்த பிறகு நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் வளரும். மணிக்கட்டிலிருந்து விரல்நுனிக்கு உணர்ச்சி வர ஆறு மாதத்துக்கு மேலும் ஆகலாம்.

பட்டறையில் நழுவும் கண்ணாடியைப் பிடிக்கக் கை தானாகப் போகும். 6 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு சதுர மீட்டர் கண்ணாடி 15 கிலோ. அந்த எடையோடு மழுக்காத விளிம்பு சறுக்கினால் பருத்திக் கையுறை எம்மாத்திரம்? தம்பிகளே, விழட்டும், விலகிவிடுங்கள். வெட்டுத் தாங்கும் கையுறையும் முன்கையை மூடும் உறையும் தரவேண்டியது முதலாளியின் கடமை.

நேரம் குறைவு, சுருக்கமாகச் சொல்கிறேன். காயம் பட்டால் சுத்தமான துணியால் அழுத்திக் கையை உயர்த்துங்கள். ஆழமாகக் குத்தி நிற்கும் சில்லைப் பிடுங்காதீர்கள். கண்ணாடி எக்ஸ்ரேயில் தெரியாது என்று பலர் நினைக்கிறார்கள்; பெரும்பாலும் தெரியும், எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். மரத்துப்போக ஊசி போடும் முன் ஒவ்வொரு விரலையும் தனித்தனியே மடக்கிக் காட்டுங்கள். எந்த விரலாவது மடங்கவில்லை, உணர்ச்சியில்லை என்றால் தையலோடு வீட்டுக்குப் போகாதீர்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனித் துறை இருக்கிறது. சூப்பர்வைசர்களே, தயவுசெய்து காயம்பட்டவரை அன்றைக்கே அனுப்பி வையுங்கள்.