வயிற்றுத் தசையும் அஞ்சறைப் பெட்டியும்



பிரேசர் டவுன் மசூதி சாலையைத் தெரியாதவர் பெங்களூரில் குறைவு. ரம்ஜான் மாதத்து மாலையில் அங்கே சமோசா, கபாப், ஹலீம் என்று எண்ணெயும் நெய்யும் மணக்கும். வயிறு நிறையச் சாப்பிட்டவர்கள் கடைசியில் ஒரு இஞ்சி டீ கேட்பார்கள். பக்கத்துத் தெருவில் ஒரு பாட்டி பேரனுக்கு ஓமம் கொதிக்க வைப்பார். இன்னொரு வீட்டில் கைக்குழந்தைக்கு வசம்பு உரைப்பார்கள். இந்தப் பேட்டையில் தமிழர் இஞ்சி என்பார், கன்னடர் சுண்டி என்பார், உருது பேசுகிறவர் அத்ரக் என்பார். பெயர் மூன்றானாலும் சரக்கு ஒன்றுதான். அது போகிற இடமும் ஒன்றுதான்.

அங்கே போய் அது என்ன செய்கிறது? கேட்டால், "வாயு கலையும்" என்பார்கள். சிலர் "சூடு" என்பார்கள், சிலர் "குளிர்ச்சி" என்பார்கள். எப்படி என்று கேட்டால் பதில் வராது. இந்தச் சரக்குகள் பல வேலைகள் செய்கின்றன. அவற்றில் முக்கியமான ஒன்று வயிற்றின் தசையில் நடக்கிறது.

வயிறு வெறும் பை அல்ல. அது தசையால் ஆன பை. அதன் சுவரில் மூன்று அடுக்குத் தசை உண்டு. ஓர் அடுக்கு நீளவாக்கில் ஓடுகிறது. இன்னொன்று வட்டமாகச் சுற்றுகிறது. மூன்றாவது சாய்வாக ஓடுகிறது. சாப்பிடும்போது வயிற்றின் மேல்பாகம் தளர்ந்து இடம் கொடுக்கும். கீழ்பாகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய மூன்று முறை சுருங்கிச் சுருங்கிச் சோற்றைப் பிசையும். மாவு பிசைவது போலத்தான். சோறு கூழாகி, துகள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவுக்குச் சிறிதான பிறகுதான் கீழ்வாசல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடலுக்குப் போகும். எண்ணெய்ப் பண்டம் என்றால் வயிறு மெதுவாகவே காலியாகும். ஹலீம் சாப்பிட்ட இரவில் வயிறு கனமாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

இதை மனிதன் கண்ணால் பார்த்த கதை ஒன்று உண்டு. 1822-ல் அமெரிக்காவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற தொழிலாளிக்கு வயிற்றில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. ஆள் பிழைத்துக்கொண்டார். ஆனால் வயிற்றில் விழுந்த ஓட்டை மூடவே இல்லை. வில்லியம் போமான்ட் என்ற மருத்துவர், உணவைப் பட்டு நூலில் கட்டி அந்த ஓட்டை வழியாக உள்ளே விட்டார். வெளியே இழுத்துப் பார்த்தார். இப்படிப் பல ஆண்டுகள் பார்த்து 1833-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். வயிறு அசைவதையும் செரிமான நீர் ஊறுவதையும் அதில் எழுதினார். உலகம் போமான்டைப் புகழ்கிறது. அந்த ஏழைத் தொழிலாளி பட்ட பாடு பெரிது.

இப்போது இஞ்சிக்கு வருவோம். இஞ்சியின் காரத்துக்குக் காரணம் ஜிஞ்சரால் என்ற பொருள். இஞ்சி காய்ந்து சுக்கானால் அதில் ஒரு பகுதி ஷோகால் என்ற பொருளாக மாறும். சுக்கில் காரம் கூடுவது அதனால்தான். தைவான் நாட்டு மருத்துவர்கள் நல்ல உடல்நிலையில் உள்ள 24 பேருக்கு ஒரு சோதனை செய்து, 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு நாள் 1.2 கிராம் இஞ்சித் தூள், அதாவது ஏறக்குறைய அரை டீஸ்பூன், மாத்திரைக் கூட்டில் வைத்துக் கொடுத்தார்கள். இன்னொரு நாள் இஞ்சி இல்லாத வெறும் கூடு. பிறகு சூப் குடிக்கச் சொன்னார்கள். வெறும் கூடு விழுங்கிய நாளில் வயிறு பாதி காலியாகச் சுமார் 27 நிமிடம் ஆயிற்று. இஞ்சி விழுங்கிய நாளில் சுமார் 13 நிமிடம்தான். வயிற்றின் கீழ்பாகம் அடிக்கடி சுருங்கியதையும் பார்த்தார்கள். பாட்டி சொன்னது வீண் பேச்சு அல்ல. ஆனால் அது சூப் வைத்துச் செய்த சோதனை, பிரியாணி வைத்துச் செய்தது அல்ல. மூக்கு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஒரு இஞ்சி டீயை நம்புவது சரியல்ல. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், மருத்துவரைக் கேட்காமல் இஞ்சியை மருந்தளவுக்கு எடுக்கக் கூடாது.

இஞ்சி தசையைத் தூண்டுகிறது. புதினா செய்வது இதற்கு நேர்மாறு. தசை சுருங்க வேண்டுமானால் அதன் உள்ளே கால்சியம், அதாவது சுண்ணாம்புச் சத்து, புக வேண்டும். புதினாவில் உள்ள மெந்தால் அந்தக் கதவைச் சாத்துகிறது. தசை தளர்கிறது. இழுத்துப் பிடித்த வலி குறைகிறது. ஜப்பானில் குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கும் மருத்துவர்கள், வயிறு அசையாமல் இருக்க உள்ளே மெந்தால் தெளிக்கிறார்கள். ஆனால் உணவுக்குழாயின் அடியில் உள்ள வாசலையும் மெந்தால் தளர்த்திவிடும். நெஞ்செரிச்சல் உள்ளவருக்குப் புளிப்பு மேலே வரும். அவருக்குப் புதினா கஷாயம் கொடுத்தால் எரிச்சல் கூடும்.

ஓமத்தில் உள்ளது தைமால். ஓமச் சாறும் குடல் தசையைத் தளர்த்துவதாக ஆய்வுக்கூடத்தில் கண்டிருக்கிறார்கள். பெங்களூரில் வடைக்கும் அக்கி ரொட்டிக்கும் போடும் சப்பசிகெ சொப்பு இருக்கிறதே, அதன் விதையைத் தமிழில் சதகுப்பை என்பார்கள். 1851-ல் இங்கிலாந்தில் குழந்தைகளுக்கு என்று கிரைப் வாட்டர் செய்தபோது அந்த விதையின் எண்ணெயைத்தான் சேர்த்தார்கள். கூடவே சாராயமும் சேர்த்தார்கள்! குழந்தை அழுகையை நிறுத்தியது எண்ணெயா, சாராயமா என்று யார் சொல்ல முடியும்? பிற்காலத்தில் சாராயத்தை எடுத்துவிட்டார்கள்.

வசம்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அதற்குப் பிள்ளை வளர்ப்பான் என்றே பெயர். சுட்டு உரைத்து நாக்கில் தடவுவார்கள். மணியாகக் கோத்துக் கையிலும் கட்டுவார்கள். கராச்சியில் உள்ள ஆகா கான் பல்கலைக்கழகத்தில் முயலின் குடல் துண்டை எடுத்து வசம்புச் சாற்றில் வைத்துப் பார்த்தார்கள். தசை தளர்ந்தது. கால்சியக் கதவை அதுவும் சாத்துகிறது என்று 2006-ல் எழுதினார்கள். வலி அடங்கும் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இருக்கிறது. ஆனால் வசம்பில் அசரோன் என்ற பொருளும் இருக்கிறது. அது எலிகளுக்குக் கட்டியை உண்டாக்கியது. அதனால் அமெரிக்காவில் 1968 முதல் உணவில் வசம்பு சேர்க்கத் தடை. இந்தியாவில் விளையும் வசம்பில் அசரோன் அதிகம். நாட்டு மருந்துக் கடையில், கன்னடத்தில் கிரந்திகெ அங்கடியில், வாங்கும் ஒரு துண்டில் எவ்வளவு இருக்கிறது என்று கடைக்காரருக்கும் தெரியாது. மூன்று கிலோ எடையுள்ள குழந்தைக்கு அளவு சொல்ல யாராலும் முடியாது. உலக சுகாதார நிறுவனம் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும் என்கிறது. மருத்துவர் எழுதிய மருந்து வேறு. வசம்பு, ஓமத் தண்ணீர், கிரைப் வாட்டர் எதுவும் அந்த வயதில் வேண்டாம்.

காலி மனையிலும் தண்டவாள ஓரத்திலும் ஊமத்தை முளைக்கிறது. அதன் விதையில் அட்ரோபின் வகைப் பொருள்கள் உள்ளன. நரம்பு தசைக்குச் சொல்லும் செய்தியை அவை தடுத்துவிடும். வயிறும் குடலும் ஓய்ந்துபோகும். வாய் வறளும், கண்மணி விரியும், பேச்சு குளறும், உயிரும் போகலாம். இதே குடும்பத்துப் பொருளைச் சரியான அளவில் மருத்துவர்கள் வயிற்றுப் பிடிப்புக்கு ஊசியாகப் போடுகிறார்கள். விதையைத் தின்கிற குழந்தைக்கு அளவு தெரியாது.

கடைசியாக விளக்கெண்ணெய். அதில் உள்ள ரிசினோலிக் அமிலம் குடல் தசையை முடுக்கிவிடும். அது தசையில் எந்த இடத்தில் பற்றிக்கொள்கிறது என்று ஜெர்மனி ஆய்வாளர்கள் 2012-ல் எலிகளை வைத்துக் கண்டுபிடித்தார்கள். கருப்பைத் தசையிலும் அதே இடம் உண்டு. ஆகவே கர்ப்பிணிகள் அதைக் குடிக்கக் கூடாது.

"வயிறு வலிக்கிறது" என்று பிள்ளை சொன்னதும் விளக்கெண்ணெய் கொடுக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. சில நேரம் அந்த வலி குடல்வாலில் வந்த வீக்கமாக இருக்கும். முதலில் தொப்புளைச் சுற்றி வலிக்கும். சில மணி நேரத்தில் வலது பக்கம் அடிவயிற்றுக்கு இறங்கும். வாந்தி வரும், காய்ச்சல் வரும், பிள்ளை குனிந்து நடக்கும். அப்போது பேதி மருந்து கொடுத்தால் குடல் வேகமாக முறுக்கும். வீங்கிய குடல்வால் வெடித்துவிடலாம். வெடித்தால் சீழ் வயிறு முழுவதும் பரவும்.

அந்த மாதிரி வலிக்கு விளக்கெண்ணெயும் வேண்டாம், ஓமமும் வேண்டாம், சோறும் வேண்டாம். பிரேசர் டவுனில் இருப்பவர்களுக்குச் சிவாஜி நகரில் பௌரிங் அரசு மருத்துவமனை பக்கம்தான். 108-க்குப் போன் செய்தால் வண்டி வரும். வீட்டில் ஏற்கெனவே எதையாவது கொடுத்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். திட்டுவார்களோ என்று பயந்து தாய்மார்கள் சிலர் சொல்வதில்லை. என்ன சரக்கு, எத்தனை ஸ்பூன், எத்தனை மணிக்குக் கொடுத்தது என்று ஒரு சீட்டில் எழுதி எடுத்துப் போகலாம். பிள்ளை ஏதோ செடியைத் தின்றிருந்தால், அந்தச் செடியில் ஒரு கொத்தைப் பையில் போட்டுக் கையோடு கொண்டுபோக வேண்டும்.